அட்டைக்கு அடங்காத முட்டை

எங்கள் அப்பத்தா முட்டையை எண்ணுவாளே தவிர, ஒருநாளும் உற்றுப் பார்த்தவள் இல்லை. சிவகங்கைப் பக்கம் வானம் பார்த்த பூமி. ஓட்டு வீடு, கொல்லையில் ஒரு புளியமரம், திண்ணையோரம் கவிழ்த்த பஞ்சாரம், அதற்குள் ஏழெட்டுக் கோழி. விடிந்ததும் பஞ்சாரத்தைச் சற்றே தூக்கி, பெட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பின்பக்கம் விரலை விட்டுப் பார்ப்பாள். "இது இன்னைக்கு இடும். இதுக்கு நாளைக்குத்தான். இந்தச் செவலை ஊர் மேயப் போறவ, இவள வெளிய விடாத." முட்டை இருக்கிற கோழிக்கு அன்று வீட்டுக்காவல். அடுத்த வீட்டு வைக்கோல் படப்பில் போய் இட்டுவிட்டால் அது அடுத்த வீட்டுக்காரியின் முட்டை. இந்தச் சட்டத்தை ஒட்டி எங்கள் தெருவில் நடந்த வாய்ச்சண்டைகளில்தான் நான் தமிழின் சொல்வளத்தை முதலில் அறிந்தேன்.

வாரத்துக்கு ஒருமுறை சைக்கிளில் கூடை கட்டிக்கொண்டு முட்டைக்காரர் வருவார். கூடைக்குள் வைக்கோல், வைக்கோலுக்குள் முட்டை. விலை எண்ணிக்கைக்கு; எடைக்கு இல்லை. நீளமாக இருந்தால் என்ன, ஒரு பக்கம் சப்பையாக இருந்தால் என்ன, மேலே உப்புத் தூவியதுபோல் பொரிப்பொரியாக இருந்தால் என்ன, முட்டை என்றால் முட்டை. தோல்முட்டை மட்டும் கூடைக்குப் போகாது. ஓடே இல்லாமல், தொட்டால் அமுங்குகிற அதை அப்பத்தா தூக்கிப்போட மாட்டாள். நகத்தால் கிழித்துச் சட்டியில் ஊற்றி, இரண்டு உள்ளி நறுக்கிப் போட்டு எங்களில் யாராவது ஒருவனைக் கூப்பிடுவாள். ஏன் இப்படி இட்டது என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும்: "ராத்திரி மரநாயி வந்துச்சுல்ல, வெருவிக்கிருச்சு." அதோடு விசாரணை முடிந்தது.

இப்போது நான் மதுரைக்கு வெளியே, பெயருக்குப் பின்னால் 'நகர்' என்று ஒட்டிக்கொண்ட ஓர் இடத்தில் குடியிருக்கிறேன். ஓய்வு பெற்றவனுக்கு ஒரு வேலை வேண்டுமே என்று வீட்டின் பின்னால் நான்கு கோழிகள். கம்பிவலை அடித்த கூண்டு, தானாகத் தண்ணீர் வடியும் கிண்ணம், மூட்டைத் தீவனம், சுண்ணாம்புச் சத்து டானிக், ஒரு நோட்டுப் புத்தகம். அப்பத்தாவின் கோழிகளுக்குச் செவலை, கறுப்பி என்று நிறம்தான் பெயர். இவற்றுக்கு என் பேத்தி ஜூலி, பிங்கி, மகாராணி, சில்லு என்று பெயர் வைத்திருக்கிறாள். சந்தையில் விற்றவர் 'சுத்த நாட்டுக்கோழி' என்று அடித்துச் சொன்னார். அவை ஐதராபாத்தில் உள்ள கோழி ஆராய்ச்சி நிறுவனம் புறக்கடை வளர்ப்புக்கென்று உருவாக்கிய கிராமப்ரியா இனம் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருவரும் கௌரவமாக நடந்துகொண்டோம்.

பக்கத்து மனையில் போர் போடுகிற வண்டி வந்து விடிய விடியத் தரையைக் குடைந்த இரவுக்கு மறுநாள் கூண்டுத் தட்டுக்கு அடியில் ஒரு தோல்முட்டை கிடந்தது. அடுத்த நாள் இன்னொன்று, அது வேறு தினுசு. ஓடு இருந்தது, ஆனால் நடுவில் பெல்ட் கட்டியதுபோல் சுற்றிவர ஒரு மேடு. நான் அதைப் படம் எடுத்து, நீளம் அகலம் அளந்து, நோட்டில் எழுதி, மகனுக்கு அனுப்பினேன். அவன் உடனே பேசினான். "அப்பா, அந்த முட்டைய யாரும் சாப்பிட வேண்டாம். முதல்ல டாக்டர்ட்ட காட்டுங்க." என் மனைவி அடுப்படியில் இருந்தபடியே கேட்டாள்: "யார? கோழியவா, உங்களையா?"

காரணத்தைத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, கோழி ஒழுங்கான முட்டை இடுவதுதான் அதிசயமாகத் தோன்றியது. பெட்டைக்கு இடது பக்கச் சூலகம் ஒன்றுதான் வளர்ந்து வேலை செய்கிறது. வலது பக்கம் கருவிலேயே நின்றுபோகும். சூலகத்தில் முற்றிய மஞ்சள் கரு கழன்று, புனல் போன்ற வாயில் விழ வேண்டும். அங்கே கால் மணி நேரம், கூடப்போனால் அரை மணி. அடுத்த பகுதியில் மூன்று மணி நேரம் போல வெள்ளைக்கரு சுற்றிக்கொள்ளும். பிறகு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக, இரண்டு மெல்லிய தோல்கள். கடைசியாக ஓடு கட்டும் இடத்தில் ஏறக்குறைய 20 மணி நேரம். அப்பத்தாவின் விரலுக்குத் தட்டுப்பட்டது இந்தக் கடைசிக் கட்டத்து முட்டைதான். எல்லாம் சேர்த்து 24 முதல் 26 மணி நேரம் ஆவதால், கோழி இடுகிற பொழுது நாளுக்கு நாள் தள்ளிப்போய், சாயங்காலம் நெருங்கியதும் ஒருநாள் விடுப்பு விழும். "பொழுது ஏறிக்கிட்டே போகுது, நாளைக்கு இடாது" என்று அப்பத்தா சொன்னதற்கும் இதற்கும் வித்தியாசம், அவளிடம் கடிகாரம் இல்லை என்பதுதான்.

ஓட்டின் பெரும்பகுதி இரவில் கட்டுகிறது. அந்த நேரத்தில் கோழி மிரண்டால், ஓடு ஏறுமுன்பே முட்டை வெளியே வந்துவிடலாம். அதுதான் தோல்முட்டை. பாதி கட்டிய ஓடு உள்ளேயே விரிசல் விட்டால், கோழி அதைத் தூக்கிப்போடுவதில்லை. விரிசலின் மேலேயே சுண்ணாம்பு பூசி மூடி, மிச்ச வேலையை முடிக்கும். பெல்ட் மேடு அந்த ஒட்டுவேலையின் தழும்பு. சிலது மிரண்டுபோய் முட்டையை இடாமல் அடக்கி வைத்துக்கொள்ளும். அப்போது மேலே கூடுதல் சுண்ணாம்பு படிந்து வெள்ளை பூத்தோ பொரிப்பொரியாகவோ வரும். ஆக, இரண்டு நாள் படித்து நான் கண்டுபிடித்தது: வெருவிக்கிருச்சு. மரநாய்க்குப் பதில் போர் வண்டி.

ஆனால் அப்பத்தா சொன்னதெல்லாம் சரி என்று இங்கே ஒரு கொடி ஏற்றிவிட நான் தயாரில்லை. இரட்டைக் கரு முட்டையைப் பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுக்கக் கூடாது என்பாள். ஒட்டு வாழைப்பழத்துக்குச் சொல்கிற அதே காரணம், இரட்டைப் பிள்ளை பிறக்குமாம். அந்த நம்பிக்கையின் பலனாக, வீட்டில் யாராவது உண்டாகியிருக்கிற காலத்தில் பெரிய முட்டையெல்லாம் பேரன்களுக்கு வந்து சேர்ந்தது. நான் எதிர்த்துக் கேள்வி எழுப்பவில்லை. உள்ளபடி, முட்டையிடத் தொடங்கிய புதிதில் விடைக்கோழியின் உடம்புக்கு இன்னும் கணக்குப் பிடிபட்டிருக்காது. ஒன்றை அடுத்து ஒன்றாக இரண்டு மஞ்சள் கரு விழுந்துவிட்டால் இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஓடு. கரு விழாமலே வெள்ளைக்கரு சுரக்கத் தொடங்கிவிட்டால், ஒரு துணுக்குத் திசுவைச் சுற்றிக் கோலிக்குண்டு அளவில் மஞ்சளே இல்லாத ஒரு குட்டி முட்டை வரும். ஜூலி முதன்முதலில் இட்டது அப்படி ஒன்று. பேத்தி அதைப் பஞ்சு வைத்துத் தீப்பெட்டிக்குள் பாதுகாத்தாள்.

இந்தக் குட்டி முட்டைக்கு ஐரோப்பாவில் ஒரு காலத்தில் இருந்த மரியாதை நம் ஊரில் கிடைக்கவில்லை. சேவல் இட்ட முட்டை என்று அதற்குப் பெயர். அதைப் பொரிக்க வைத்தால் பார்வையாலேயே ஆளைக் கொல்லும் பாம்புச் சேவல் பிறக்கும் என்று படித்தவர்களே நம்பினார்கள். 1474-இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரத்தில் ஒரு சேவல் முட்டையிட்டதாகக் குற்றம் சாட்டப்பட்டு, முறைப்படி விசாரணை நடந்து, தீர்ப்பாகி, முட்டையோடு சேர்த்து எரிக்கப்பட்டது. சேவல் முட்டை இடாது. ஆனால் சேவல் போலத் தோன்றும் பெட்டை உண்டு. நோயாலோ கட்டியாலோ இடது சூலகம் கெட்டுப்போனால், கருவிலேயே அடங்கிக் கிடந்த வலது பக்க உறுப்பு விதைபோல வளர்ந்து ஆண் சுரப்பைத் தரலாம். பெட்டைக்குக் கொண்டை பெருக்கும், சிறகு மாறும், கூவவும் தொடங்கும். பாசெலில் எரிந்தது இப்படிப்பட்ட அப்பாவிப் பெட்டையாக இருக்கலாம்.

எங்கள் வீட்டிலும் ஒரு கறுப்பி கூவியது. நிறையக் காலம் முட்டையிட்டு ஓய்ந்த கோழி. ஒருநாள் விடிகாலையில் குப்பைமேட்டில் ஏறி நின்று, உடைந்த குரலில், பாதிக் கூவல். பெட்டைக்கோழி கூவிப் பொழுது விடியாது என்று பழமொழி சொல்கிறவர்கள், அது கூவினால் வீட்டுக்கு ஆகாது என்றும் சேர்த்தே நம்பினார்கள். அய்யா அருவாமனையைத் தேடினார். பாசெல்காரர்களாவது விசாரித்தார்கள். எங்கள் வீட்டில் காலையில் கூவியது மதியம் குழம்பு. பொழுது என்னவோ அன்றைக்கும் வழக்கம்போல்தான் விடிந்திருந்தது.

கோடையில்தான் அப்பத்தாவும் நானும் மிகவும் நெருங்கி வருகிறோம். அக்கினி வெயிலில் அவளுடைய கோழிகள் புளியமர நிழலில் இறக்கையை விரித்து, வாயைப் பிளந்து இரைக்கும். முட்டை சிறுத்து, ஓடு காகிதம் போலாகும். "வெக்கை முட்டைய உருக்குது" என்று மரத்தடியில் இரண்டு குடம் தண்ணீர் தெளிப்பாள். கோழிக்கு வேர்வை கிடையாது. இரைத்துத்தான் உடம்பைத் தணிக்க வேண்டும். இரைக்க இரைக்க ரத்தத்திலிருந்து கரியமில வாயு வெளியேறிவிடும். ஓடு என்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அதில் பாதிச் சரக்கு இந்த வாயுவின் வழியில் வர வேண்டியது. இரைப்பில் அது போய்விட, தீனியும் குறைந்துவிட, ஓடு மெலிகிறது. எனக்கு இது தெரியும். தெரிந்துகொண்டு நான் என்ன செய்கிறேன்? கூண்டின் மேல் கோணிச்சாக்கைப் போட்டுத் தண்ணீர் தெளிக்கிறேன். அதோடு, மகன் அனுப்பிய கையடக்க மின்விசிறி ஒன்றும் சுற்றுகிறது. கோழிகள் அதைக் கண்டு ஓர் இரவு முழுக்க மிரண்டன. மறுநாள் காலையில் தோல்முட்டை.

ஓர் ஓட்டுக்குக் கிட்டத்தட்ட 2 கிராம் கால்சியம் வேண்டும். தீனியில் போதாதபோது கோழி தன் எலும்பிலிருந்து எடுத்துக்கொடுக்கும். அப்பத்தாவின் கோழிகளுக்கு யாரும் அளந்து போடவில்லை. அவை வீட்டைத் தின்றன. சுண்ணாம்பு அடித்த மண்சுவரின் அடிப்பகுதி வருஷம் முழுக்கக் கொத்துப்பட்டுப் பல்லிளிக்கும். பொங்கலுக்கு வெள்ளையடிப்பது மனிதர்களுக்கு அலங்காரம், கோழிகளுக்கு விருந்து. மீதிக்கு நத்தை, கரையான், குப்பையில் கிடைக்கும் புழு பூச்சி. உடைத்த முட்டையின் ஓட்டை அம்மியில் நுணுக்கித் தவிட்டில் பிசைந்து வைப்பாள். "முழு ஓடாப் போட்டா ருசி கண்டு முட்டையக் குடிக்கப் பழகிரும்." என் வீட்டுச் சுவர் எமல்ஷன் பூச்சு. ஜூலி அதை ஒருமுறை கொத்திப் பார்த்துவிட்டு, இந்த வீட்டில் மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதுபோல் என்னைப் பார்த்தது. தீவனக் கடையில் கிளிஞ்சல் தூள் கிலோக் கணக்கில் வாங்கித் தனிக் கிண்ணத்தில் வைக்கிறேன். அவள் வீட்டில் சுவர் செய்த வேலைக்கு என் வீட்டில் பில் வருகிறது.

இதில் ஒரு சலுகையை அவளுடைய கோழிகளிடமிருந்து கழித்துப் பார்க்க வேண்டும். நாட்டுக்கோழி ஓர் ஈட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டுவிட்டுக் கேறத் தொடங்கிவிடும். பிறகு அடை, பிறகு குஞ்சு மேய்ப்பு. மாதக்கணக்கில் முட்டை வேலைக்கு முழு ஓய்வு. வருஷத்துக்கு ஐம்பது, அறுபது முட்டை. என் கிராமப்ரியாக்கள் 150-க்கு மேல் இடும்; அடைக்கு உட்காரும் குணமே பெரும்பாலும் எடுக்கப்பட்டுவிட்டது. பண்ணைக் கூண்டில் இருக்கும் வெள்ளைக்கோழி 300-ஐத் தாண்டும். அதிகம் எழுதுகிறவனுக்கு எழுத்துப்பிழை அதிகம். வயதாக ஆகக் கோழியின் முட்டை பெரிதாகிறது, ஓட்டுக்குக் கிடைக்கும் சுண்ணாம்போ ஏறக்குறைய அதே அளவு. பெரிய முட்டையின் மேல் அது மெல்லிசாகத்தான் பரவும்.

பச்சை முட்டை சமாசாரத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக் கறவை மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஆட்டுவார்கள். ஆட்டுரலைச் சுற்றிச் சிதறியது கோழிகளின் பங்கு. அந்த நாட்களில் எடுத்து அடுக்குப்பானையில் சேர்த்துவைத்த முட்டையை உடைத்தால், சிலவற்றின் மஞ்சள் கரு பாசி நிறத்தில் இருக்கும். சின்ன அத்தை அலறுவாள். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்பாள். அப்பத்தா மிளகாய்ப்பொடி கொஞ்சம் தூக்கலாகப் போடுவாள். நிறப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. பருத்திக்கொட்டையில் காசிப்பால் என்றொரு நச்சுப்பொருள் இருக்கிறது; அது மஞ்சள் கருவின் இரும்போடு கூடி, முட்டை இருப்பில் இருக்க இருக்க இப்படிப் பச்சை பாய்ச்சும். செய்வினை செய்தவர் எங்கள் மாட்டுக்காரர்.

மஞ்சள் கருவில் ரத்தத் துளி தெரிந்தால் மட்டும் அப்பத்தா சற்றுத் தயங்குவாள். 'உசிரு விழுந்திருச்சு' என்று கோழிக்கே திருப்பிப் போடுவாள். அது குஞ்சின் ரத்தம் இல்லை. கரு கழன்று விழும்போது சூலகத்தில் ஒரு நுண்குழாய் வெடித்துச் சிந்திய துளி. சேவல் முகமே பாராத பண்ணைக் கோழியின் முட்டையிலும் அது வரும். என் மனைவிக்கு இதை விளக்கினேன். நிதானமாகக் கேட்டுவிட்டு, அந்த முட்டையை எனக்கு மட்டும் பொரித்துத் தந்தாள்.

இவ்வளவு கோணலும் பண்ணைக் கோழிக்கும் உண்டென்றால், கடை முட்டையில் ஏன் நாம் பார்ப்பதே இல்லை? நாமக்கல்லைத்தான் கேட்க வேண்டும். 1982-இல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அமைந்து, பண்ணையாளர்களே விலை அறிவிக்கத் தொடங்கிய பிறகு, முட்டை ஊர் ஊராகப் பயணம் போகும் சரக்காகிவிட்டது. பயணம் போக அட்டை வேண்டும். அட்டையில் 30 குழி. 30-உம் ஒரே அளவு. குழியில் உட்காராத பெரியது மேல் அட்டையின் கனத்தில் நசுங்கும், சிறியது ஆடி உடையும், சுருக்கு விழுந்ததை யாரும் வாங்க மாட்டார்கள், தோல்முட்டை வண்டியே ஏறாது. எல்லாம் பண்ணையிலேயே ஒதுக்கப்பட்டு, உள்ளூர் ரொட்டிக்கடைக்கும் ஆம்லெட் கடைக்கும் முகம் தெரியாமல் போய்விடும். மிச்சமிருப்பதைப் பார்த்து வளர்ந்தவன் என் மகன். கோழி இப்படித்தான் இடும் என்று நினைக்கிறான். முட்டைக்காரரின் கூடையில் வைக்கோல் இருந்த காலத்தில் முட்டைக்கு ஏற்ப வைக்கோல் வளைந்துகொடுத்தது. என் பதற்றத்தில் பாதிக்கு மேல் அந்த அட்டை கற்றுக்கொடுத்ததுதான்.

மீதிப் பாதி நியாயமானது. ஓர் ஆடி மாதம் அப்பத்தாவின் கோழிகளில் சில, அடுத்தடுத்துச் சுருக்கு விழுந்த முட்டையும் தோல்முட்டையுமாக இட்டன. மரநாய் மேல் பழியைப் போட்டாள். சில நாளில் கழுத்து திருகி, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. பஞ்சாரம் காலி. "சீக்கு வந்துருச்சு" என்றாள், அவ்வளவுதான். வெள்ளைக்கழிச்சல். உத்தரகாண்ட் மலையூரான ராணிக்கேட்டின் பெயரில் நம் நாட்டில் அறியப்படும் நோய். முட்டை திடீரென்று குறைவதும், ஓடும் வடிவமும் கெடுவதும் அதன் அடையாளங்களில் சில. ஒரு கோழி ஒருநாள் இட்ட கோணல் முட்டைக்கு அர்த்தம் தேட வேண்டியதில்லை. பல கோழிகள் பல நாள் இட்டால், அதோடு இரையெடுக்காமல் குறுகி நின்றால், அது வேறு. அப்பத்தாவிடம் இரண்டுக்கும் ஒரே பதில்தான் இருந்தது. அன்று ஊரில் தடுப்பூசி போட ஆளும் இல்லை.

இப்போது ஆண்டுதோறும் கால்நடைத் துறை கோழிக்கழிச்சலுக்கு இலவச முகாம் நடத்துகிறது. போர் வண்டி வந்துபோன அதே வாரம் எங்கள் நகரிலும் முகாம். நான்கையும் கூடையில் போட்டுக் கொண்டுபோனேன். ஒரு பாட்டி பன்னிரண்டு கோழிகளைக் காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்றாள். என் முறை வந்ததும் நான் நோட்டைத் திறந்தேன், படங்களைக் காட்டினேன், எண்ணெய்த் தாளில் சுற்றி எடுத்துப்போயிருந்த பெல்ட் முட்டையை மேசைமேல் வைத்தேன். மருத்துவர் என் நோட்டைப் பார்க்கவில்லை.

"இரை எடுக்குதா சார்?"

"எடுக்குது."

"எச்சம் நல்லாருக்கா? மூச்சுல சத்தம் ஏதும் இல்லையே?"

"இல்ல. ஆனா இந்த ஓட்டுல பாருங்க..."

"ராத்திரி ஏதும் சத்தம் கேட்டுச்சா?"

"போர் போட்டாங்க."

"அப்புறம் என்ன." பதிவேட்டில் 'கோழி - 4' என்று எழுதினார். ஊசி போட்டது ஆளுக்கு ஒரு நொடி. மகாராணி மட்டும் அவர் சட்டையில் தன் கருத்தைத் தெரிவித்தது. என் மனைவி வீட்டிலிருந்து கொடுத்தனுப்பிய நான்கு நல்ல முட்டைகளை நன்றிக்கு அடையாளமாக நீட்டினேன். அவர் கையை எடுத்துக் கும்பிட்டு மறுத்தார். மேசையில் கிடந்ததை எடுத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வேணும்னா இந்தப் பெல்ட் போட்டதக் குடுங்க சார், பிள்ளைகளுக்குக் காட்டுறேன். அது கடையில கெடைக்காது."